நீதி அவர் எழுதியது அல்ல

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நானும் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். என் கணவர் பெயருக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதில் அவரை "அன்புள்ள இளம் எழுத்தாளருக்கு" என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த இளம் எழுத்தாளர் அறுபது முடிந்து, பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்து, அது கைக்கு வருவதற்குள் போன வருஷம் நெஞ்சு வலி வந்து காலமாகிவிட்டார். ஆகையால் பதில் எழுத அவருக்கு வசதிப்படாது. நான் அவருடைய மனைவி. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படித்ததை விடமாட்டேன். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் பத்திரிகையில் வந்த பிழையை நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஏழு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவராக இருந்தார். காக்கிச் சட்டை, ஒரு முக்காலி, சுவர் பூராவும் பொத்தான், அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் கதை கட்டுவார். கீழேயிருந்து ஏழாவது மாடி போவதற்குள் கதை முடிந்துவிட வேண்டும், நடுவில் எவனாவது நாலாவது மாடியில் ஏறினால் கதை போச்சு. "ஏறும்போது தோணும், இறங்கும்போது அதுல பாதியை வெட்டிடுவேன்" என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து சொல்வார். நாலு வாக்கியம் இருக்கும். நான் அடுத்ததுக்குக் காத்துக்கொண்டிருப்பேன். "அப்புறம்?" என்பேன். "அவ்வளவுதான்" என்பார். "இதுக்குப் பேரு கதையா? பால் பொங்கி அடுப்புல ஊத்தினதை நான் சொன்னாலே இதைவிட நீளமா வரும்." "அதான், நீளமா வந்துடுது" என்று சிரிப்பார். இப்படியே எங்கள் காலம் போனது. அந்தக் கதைகளை உங்கள் பத்திரிகைக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார் ஐயா, அது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஒரு சீட்டு வரும். "கதை முடிவு பெறவில்லை. ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்பது விளங்கவில்லை." அவர் அதைப் படித்துவிட்டு, "எனக்கே விளங்கல, அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா" என்பார். நான் சொல்வேன், எனக்கும் விளங்கலை என்று. ஆனால் மறுநாள் பாத்திரம் கழுவும்போது திடீரென்று அந்த நாலு வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிற்பேன். அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவர் போய் ஒரு வருஷம் ஆன நாளில் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாவம், என் தம்பி ஒண்ணும் சாதிக்காமப் போயிட்டான், ஆயுசு பூரா மேல போனான், கீழ வந்தான், அவ்வளவுதான்" என்று சொன்னார். மேலே போனதாவது போனார், நீங்க அதுகூட இல்லையே என்று என் வாய் வரைக்கும் வந்தது. விருந்தாளி ஆச்சே என்று முழுங்கினேன். முழுங்கினது உள்ளேயே கிடந்து அரித்தது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இவருடைய கதைகளைப் புத்தகமாகப் போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுப்பது என்று. இதில் இலக்கியத்துக்குச் சேவை செய்கிற எண்ணம் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

புத்தகம் போடுகிறவர்களைப் போய்ப் பார்த்தேன். அவர்கள் எல்லாரும் குளிர்சாதன அறையில் வியர்வை துடைக்கிறவர்கள். ஒருத்தர் என் கணவர் எழுதின தாள்களைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப மெல்லிசா வரும்மா, முதுகே இருக்காது, முதுகு இல்லாத புத்தகத்தைக் கடையில நிறுத்தினா யாருக்கும் பேர் தெரியாது" என்றார். முதுகு உள்ள புத்தகமெல்லாம் அவர் பின்னால் அலமாரியில் தூசி பிடித்து நின்றுகொண்டிருந்தது. இன்னொருத்தர், "எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து ஒரு நாவலா நீட்டிக் கொண்டு வாங்களேன், நாவல்தான் போகுது" என்றார். "அவர் செத்துட்டாருங்க" என்றேன். "அப்ப நீங்க நீட்டுங்க" என்றார். கஞ்சிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி சொல்கிறார்! நான் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் தெரு முனையில் பில் புத்தகமும் விசிட்டிங் கார்டும் அடிக்கிற அச்சகம் ஒன்று இருக்கிறது, அங்கே போனேன். வாசலில் நின்றாலே மை நாற்றமும் மிஷின் சத்தமும் சேர்ந்து மூஞ்சியில் அடிக்கும். அச்சகக்காரர் ஐம்பது வயசு ஆள், காதில் பென்சில், சட்டைப் பை நிறைய அடுத்தவர்களுடைய விசிட்டிங் கார்டு. இந்த ஆளைப் பற்றித்தான் இனிமேல் எழுதப் போகிறேன், கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். அவர் மிஷினை நிறுத்தாமலே என்னுடன் பேசினார். "புத்தகத்துக்கு என்ன பேரும்மா?" "சின்னஞ்சிறு கதைகள்." "என்ன?" "சின்னஞ்சிறு கதைகள்!" "சரி சரி. யாருக்காகப் போடறீங்க?" "பிள்ளைங்களுக்குத்தாங்க, நாளைக்கு அவங்க படிக்கணும்ல." நான் சொன்னது என் மகளையும் அவளுக்குப் பிறக்கப் போகிறதுகளையும். அவர் தலையை ஆட்டினார். எனக்கு என்ன தெரியும், அந்தத் தலை எதற்கு ஆடுகிறது என்று?

திருத்திப் பார்க்கச் சொல்லி அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கதை எல்லாம் எனக்கு மனப்பாடம், அதனால் கொஞ்சம் வேகமாகவே போனது, கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது கண் வலித்து, மீதியை மகள் பார்த்துவிட்டாள். பிழை அதிகம் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு கதை. மேலே நாலு வரி, கீழே பூரா வெள்ளை. கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "கீழ இவ்வளவு வெறுமையா இருக்கேங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "ஆமாம்மா, வாடகைக்கு ஆள் வராத வீடு மாதிரி இருக்கு, ஏதாவது பண்ணட்டுமா?" என்றார். நான், "பாத்துச் செய்யுங்க" என்றேன். ஐயா, நீங்களே சொல்லுங்கள். பாத்துச் செய்யுங்கள் என்று நாம் எத்தனை பேரிடம் சொல்கிறோம்! தையல்காரரிடம் சொல்கிறோம், ஆஸ்பத்திரியில் சொல்கிறோம், ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம். யாராவது பார்த்துச் செய்திருக்கிறார்களா? இந்த ஒரு ஆள்தான் ஐயா, என் வாழ்க்கையிலேயே இந்த ஒரு ஆள்தான் பார்த்துச் செய்துவிட்டார்.

புத்தகம் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்தது. மேல் அட்டையில் ஒரு முயல். முயலுக்கு மூக்குக் கண்ணாடி. முயலுக்கு மேலே கொட்டை எழுத்தில் "சின்னஞ்சிறுவர் கதைகள்". உள்ளே திறந்தால் முதல் கதை, குடைக் கதை. அவர் எழுதினது இதுதான்: "அவன் அவள் வீட்டில் குடையை மறந்துவிட்டு வந்தான். எடுக்கத் திரும்பிப் போனான். அதற்குள் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தான்." இதைச் சொன்ன அன்றைக்கு நான் வழக்கம்போல அப்புறம் என்று கேட்டேன், அவர் அவ்வளவுதான் என்றார், அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை. இப்போது அந்தக் கதைக்குக் கீழே, அந்த வெள்ளைக்கு நட்டநடுவில், பூ வேலை செய்த கட்டம் கட்டி, அதற்குள்ளே இருந்தது: "நீதி: மழைக்காலத்தில் குடையை எங்கும் மறந்து வைக்கக் கூடாது."

அடுத்த பக்கம். "வக்கீல் ஆபீசில் பிரிந்துபோகக் கையெழுத்துப் போட்ட கணவனும் மனைவியும் லிஃப்டில் ஏறினார்கள். எத்தனாவது மாடி என்று கேட்டேன். 'கீழே' என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்." கீழே கட்டம். "நீதி: கீழ்த்தளத்துக்குச் செல்லப் படிக்கட்டைப் பயன்படுத்தினால் உடலுக்கு நல்லது." படிக்கட்டாம்! லிஃப்ட் ஓட்டிப் பிழைத்த மனுஷனுடைய புத்தகத்தில் எல்லாரும் படிக்கட்டில் போங்கள் என்று!

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அச்சகத்துக்கு ஓடினேன். செருப்புகூட மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், அங்கே போய்த்தான் பார்த்தேன்.

"என்னங்க இது முயலு?"

"நல்லா வந்திருக்கில்லம்மா? கண்ணாடி நானே போட்டது."

"முயலுக்கு எதுக்குங்க கண்ணாடி?"

"படிக்கிற முயல்மா."

"நீதி யாருங்க கேட்டா உங்களை?"

"சின்னப் பசங்க கதைன்னா நீதி இல்லாம எப்படிம்மா? உங்க வீட்டுக்காரர் எந்தக் கதைக்குமே நீதி எழுதாமப் போயிட்டாரு. மறந்துட்டாரு போலன்னு நானே போட்டேன். இதுக்கு நான் தனியா எதுவும் கேக்கலையே?"

"அவர் மறக்கலைங்க, அவர் எழுதினதே அவ்வளவுதான்!"

"அப்புறம்?" என்று கேட்டார் அச்சகக்காரர். "நீங்கதானேம்மா பாத்துச் செய்யச் சொன்னீங்க? ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சுப் பாத்துச் செஞ்சேன். சும்மா வாய்க்கு வந்ததைப் போடலை" என்று அவர் மனசு நோகிறார். அவர் நோகிறார் ஐயா, நான் அங்கே வில்லி மாதிரி நிற்கிறேன். திரும்ப அச்சடிக்க எனக்கு வழி இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கட்டுகளை அலமாரிக்கு மேலே போட்டு மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் என் நாத்தனார் வந்தார், பார்த்தார், "அட, முயல் போட்டிருக்கே, என் தம்பி கொழந்தைங்களுக்கா எழுதினான்? என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் இருக்கிற அடுக்குமாடியில் பூரா விநியோகம் பண்ணிவிட்டார். அதில் ஒரு கதை இருக்கிறது. "தூக்குப் போட்டுக்கொள்ள நாற்காலி மேல் ஏறியவன் மின்விசிறியில் தூசி இருப்பதைக் கண்டான். துணி எடுத்து வந்து துடைத்தான். ஜன்னலையும் துடைத்தான். பிறகு பசித்தது." எங்கள் தெருவில் ஒருத்தர் வேலை போய் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த சமயத்தில் என் கணவர் எழுதினது. அதற்கு அச்சகக்காரருடைய நீதி: "வாரம் ஒரு முறை மின்விசிறியைத் துடைக்க வேண்டும்." இதை அந்த அடுக்குமாடியில் ஒரு குழந்தை சத்தம் போட்டுப் படித்துவிட்டு, அம்மாவிடம் போய், "நம்ம வீட்டு ஃபேன் அழுக்கா இருக்கு, அப்பா செத்துடுவாரா?" என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மா நாத்தனாரிடம் வந்து சண்டை, நாத்தனார் என்னிடம் வந்து சண்டை. "என்ன எழுதி வச்சிருக்கான் உன் புருஷன்?" நேற்று வரைக்கும் என் தம்பி, சண்டை வந்ததும் உன் புருஷன். "அவர் எழுதினது வேற, இது வேற" என்றேன். "வேறன்னா என்ன, அந்தத் தூக்குக் கயித்தை அவன்தானே எழுதினான்?" என்றார். ஆமாம், அது அவர்தான். அந்தக் கதையில் செத்தவன் யாரும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சண்டைக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

இந்த நிலைமையில்தான் ஐயா உங்கள் பத்திரிகை வருகிறது. எனக்குத் தெரியாமல் அந்த அச்சகக்காரர் மதிப்புரைக்கு என்று ரெண்டு பிரதி உங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். உங்கள் மதிப்புரைக்காரரும் படித்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? நீங்கள் போட்டீர்கள், உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நான் திருப்பிச் சொல்கிறேன், உங்கள் காதில் விழட்டும். "முயல் அட்டையே ஒரு பெரும் கிண்டல்" என்கிறார். அது கிண்டல் இல்லை ஐயா, அந்த ஆளிடம் வேறு படம் இல்லை, பழைய நோட்டு அட்டைக்கு வாங்கின முயல் அது. "கதைகள் சாதாரணமானவை, அவை வெறும் சாக்கு, நீதிகளே இந்நூலின் உயிர்" என்கிறார். அதாவது என் கணவர் ஆயுசு பூரா ஏறி இறங்கி எழுதினது சாக்கு, அச்சகக்காரர் மிஷின் ஓடும்போது அடைத்தது சரக்கு! அத்தோடு விட்டாரா? "கதைக்கும் நீதிக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் நின்றுகொண்டு இந்த இளம் எழுத்தாளர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்" என்று முடித்திருக்கிறார். ஐயா, அவர் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பள்ளத்தில்தான் இருக்கிறார். நிற்கவில்லை, படுத்திருக்கிறார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

சரி, மதிப்புரைக்காரர் ஏதோ கண்ணாடி போட்ட முயல் என்று விட்டுவிடலாம். நீங்கள் ஆசிரியர், நீங்கள் என்ன பண்ணினீர்கள்? "தங்கள் நீதிகளில் மயங்கினோம், எங்கள் சிறப்பிதழுக்கு நீதியோடு ஒரு புதுக் கதை அனுப்புக, புகைப்படமும் இணைக்க" என்று கடிதம் போடுகிறீர்கள். நீதி இல்லாமல் இதே கதைகளை அவர் அனுப்பினபோது விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பின அதே ஆபீஸ். அப்போது விளங்காதது இப்போது எப்படி விளங்கியது? குடையை மறக்கக் கூடாது என்று ஒருத்தன் கட்டம் கட்டிச் சொன்னதும் விளங்கிவிட்டதாக்கும்.

அந்த மதிப்புரை வந்ததிலிருந்து இங்கே நடக்கிற கூத்தைக் கேளுங்கள். அச்சகக்காரர் பத்திரிகையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். அவர் கையிலேயே மிஷின் இருக்கிறதே, புதுசாக விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். அச்சக உரிமையாளர் என்று முன்னே இருந்த இடத்தில் இப்போது "நீதி ஆசிரியர்" என்று இருக்கிறது. என்னைத் தெருவில் நிறுத்தி, "அடுத்த பதிப்புல, கதை அவர், நீதி நான்னு ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டுடலாமாம்மா, எழுத்து அளவு வேணா எனக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கட்டும்" என்கிறார். பெருந்தன்மை! என் நாத்தனார் இருக்கிறாரே, அவர் அதற்கும் மேலே. "அந்த நீதி எல்லாம் எங்க அப்பா பேசுற மாதிரியே இருக்கு, அப்படியே எங்க குடும்பத்து ரத்தம்" என்று அடுக்குமாடி பூரா சொல்லிக்கொண்டு வருகிறார். அச்சகக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் என்ன ரத்த சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார், அது அவர் தம்பி கதை மாதிரி சின்னதாகவும் இருக்காது.

இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை ஐயா. என் மகள் சொன்னதுதான் உறைத்தது. நான் உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றதும் அவள் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"அம்மா, விட்டுடும்மா. அப்பா இருந்த வரைக்கும் ஒருத்தர் அவரை நல்லா எழுதறாருன்னு சொன்னாங்களா? இப்பத்தான் சொல்றாங்க."

"அவரை எங்கடி சொல்றாங்க? அந்த மை பூசினவனைச் சொல்றாங்க."

"அப்பா பேரைப் போட்டுத்தானே சொல்றாங்க? நீ எழுதினா அதுவும் போயிடும். அப்புறம் என்னம்மா மிச்சம்? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ ஒருத்திதானேம்மா."

"ஆமாண்டி, நான் ஒருத்திதான். அவர் கதை சொன்னதும் எனக்கு ஒருத்திக்குத்தான்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பேனாவை மட்டும் கொடுத்துவிட்டாள்.

அவள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. அவருக்கு வந்த பாராட்டு இது ஒன்றுதான். நான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அதுவும் போய்விடும். நாளைக்கு நாத்தனார் மறுபடியும் கை கழுவிக்கொண்டே, மேல போனான், கீழ வந்தான் என்று சொல்வார். சொல்லட்டும். என் கணவர் பாராட்டு இல்லாமலே முப்பது வருஷம் வாழ்ந்து பழகினவர், ஆனால் செய்யாத வேலைக்குக் கூலி வாங்கிப் பழகினவர் இல்லை. யாராவது லிஃப்டில் ஏறி, "நல்ல லிஃப்டுப்பா, குலுங்காமப் போகுது" என்று சொன்னால்கூட, "நான் பொத்தானைத்தாங்க அமுக்கறேன், செஞ்சவன் வேற ஆளு" என்று சொல்கிற மனுஷன். அவர் தலையில் போய் அடுத்தவனுடைய நீதியைக் கட்டுகிறீர்களே.

ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டு ஒளிக்கக் கூடாது. "நீதிகள் அவர் எழுதியவை அல்ல, அவை ஒரு அச்சகக்காரர் சொந்த விருப்பத்தில் எழுதியவை, எழுத்தாளர் இளைஞரும் அல்ல, உயிரோடும் இல்லை" என்று போட வேண்டும். அதோடு குடைக் கதையையும் கீழே என்று சொன்ன கணவன் மனைவி கதையையும் ஃபேன் கதையையும் ஒரு பக்கத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும். கீழே வெள்ளையாக விட வேண்டும். இடம் வீணாகிறதே என்று பல்பொடி விளம்பரம் எதுவும் போட்டுவிடாதீர்கள். படிக்கிறவர்களுக்கு விளங்கினால் விளங்கட்டும், விளங்காவிட்டால் கொஞ்ச நேரம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது. உங்கள் மதிப்புரைக்காரர் வேண்டுமானால் மறுபடியும் எழுதட்டும், இந்தத் தடவை நீதிகள் இல்லை, கதை மட்டும்தான், அதைப் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதட்டும். அதை நான் சட்டம் போட்டு மாட்டுவேன். வீட்டில் மிச்சம் இருக்கிற புத்தகங்களில் எல்லா நீதியையும் நானே கறுப்புப் பேனாவால் அடித்துவிடப் போகிறேன். அதை உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை என்று சொல்கிறேன்.

தாங்களும் தங்கள் பத்திரிகையும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, எழுதுகிற வேலைக்கு மட்டும் வராமல், நல்ல வேலைக்குப் போக வேண்டும். மதிப்புரைக்காரருக்குக் கண் பார்வையும், அதற்குப் பின்னால் இருக்க வேண்டியதும், குறைவில்லாமல் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
கதை மட்டும் எழுதியவருடைய மனைவி

பின்குறிப்பு: கடிதத்தை மடிச்சு உறையில போட்டாச்சு. தபால்காரர் வர்றதுக்கு நேரம் இருக்கேன்னு கறுப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு ஒரு புத்தகத்தை வச்சு உக்காந்தேன். ஒவ்வொரு பக்கமா நீதியை அடிச்சுக்கிட்டே வந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தா, அங்க கட்டம் இல்ல. பூ வேலை இல்ல. கதை மட்டும் இருக்கு. அன்னைக்குக் கண்ணு வலின்னு மகள்கிட்டக் கொடுத்தேனே, அதுல இதுவும் போயிடுச்சு போல. இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதே இல்ல. அதை அப்படியே எழுதறேன்.

"வேலை முடிந்து வீட்டுக்கு வருவான். வாசலில் மூன்று படிகள். அவன் ஏறும் சத்தம் கேட்டதும் 'எத்தனாவது மாடிக்குங்க போகணும்?' என்று உள்ளேயிருந்து கேட்பாள். தினமும் கேட்பாள். என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவான். செருப்பு கழன்றுவிடும்."

அச்சகக்காரருக்குப் போன் போட்டேன். இதுக்கு மட்டும் ஏங்க நீதி எழுதலைன்னு கேட்டேன். "அந்தப் பக்கத்துல இடம் பத்தலைம்மா"ன்னாரு. "கீழ ரெண்டு கை அகலத்துக்கு வெள்ளை இருக்கே"ன்னேன். "மிஷின் ஓடுதும்மா, நான் பெறகு பேசறேன்"னு வச்சுட்டாரு. மிஷின் சத்தம் எதுவும் எனக்குக் கேக்கலை.

அந்த ஆள் நெஜமாவே படிச்சுப் பாத்துத்தான் செஞ்சிருக்காரு. அதனால ஐயா, மேல எழுதினது எல்லாத்தையும் அடிச்சிடுங்க. திருத்தம் வேண்டாம். அந்த ஆளைத் திட்டினதும் வேண்டாம், அவர் கார்டுல என்ன வேணா போட்டுக்கட்டும். சிறப்பிதழுக்கு நீதியோட ஒரு புதுக் கதை கேட்டிருந்தீங்களே, மேல இருக்கிற இந்தக் கதையைப் போடுங்க. நான் தினமும் கேட்டது கிண்டலுக்குத்தான், பதில் வேணும்னு கேட்டதில்ல. அப்படின்னுதான் இதைப் படிக்கிற வரைக்கும் நெனைச்சிருந்தேன். அந்த வெள்ளையில நானே ஒண்ணு எழுதியிருக்கேன்.

நீதி: கேட்டா பதில் சொல்லிட்டுத்தான் போகணும்.

எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்குங்க. நீதியில கை வைக்காதீங்க.